பட்டறைக்காரரின் காதும் ஐயாயிரம் கடனும்

பட்டறைக்காரர் தன் மனைவிக்கு ஐயாயிரம் கடன் பட்டிருந்தார். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டிப் பேச்சே கிடையாது. கல்யாணமான புதிதில் கழுத்துச் சங்கிலியை விற்று அவள் அவர் கையில் வைத்த பணம். அதில்தான் ஒரு சுத்தியல், தகடு வெட்டுகிற கத்தரி, வாடகைக்கு ஒரு கொட்டகை என்று இரும்பு அலமாரி செய்ய ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனிதர், பிற்பாடு பத்துப் பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுத்தார். ஊரில் பாதி வீட்டுத் துணிமணி அவர் செய்த அலமாரிக்குள்தான் மடங்கிக் கிடக்கிறது. சும்மா வாய்ப்பேச்சு இல்லை, கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கள், அவர் முத்திரை இருக்கும்.

கடனை எப்போதோ அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. அடைத்துவிட்டால் அவள் கேட்க மாட்டாளே! சாப்பாடு பரிமாறும்போது, வெளியே கிளம்பும்போது, கோபமாக இருக்கும்போதுகூட, "என் காசு எங்க?" என்பாள்.

"தொழில்ல போட்டிருக்கேன். பெருகிட்டு இருக்கு."

"உங்க தொப்பைதான் பெருகுது. காசைக் காணோம்."

வேறு வீட்டில் புருஷன் பெண்டாட்டி கொஞ்சிக்கொள்வார்கள். இவர்களுக்கு இதுதான் கொஞ்சல்.

பட்டறையில் வாயால் பேசி வேலைக்கு ஆகாது. நாலு சுத்தியலும் சாணை இயந்திரமும் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அங்கே கைதான் பாஷை. உள்ளங்கையைப் புரட்டிக் காட்டினால், தகட்டைத் திருப்பி மறுபடி அடி என்று அர்த்தம். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. மிச்சத்தை உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். காதுள்ளவனும் காதில்லாதவனும் அங்கே ஒரே கணக்கு. அதனால்தான் பட்டறைக்காரரின் காது வருஷம் வருஷமாகக் கரைந்துபோனது யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை. "அந்தக் கோடியில எவன் என்ன முணுமுணுத்தாலும் எனக்கு விளங்கிடும்" என்று மார்தட்டுவார். விளங்கியது நிஜம். கேட்டதுதான் இல்லை.

வீட்டில்தான் சிக்கல். அடுப்பைப் பார்த்து நிற்கிற மனைவியின் முதுகுக்கு உதடு கிடையாது. அவள் ஏதோ சொல்கிறாள் என்பது தோள் அசைவதிலிருந்து தெரியும். "ம், சரி, பாத்துக்கலாம்" என்பார். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில்.

"அப்பா, காதை ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்ப்பா" என்று மகள் கெஞ்சினாள்.

"எனக்கென்ன காதுக்கு? நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறீங்க. இந்தக் காலத்துப் பேச்சே அப்படி."

"ஆமா, இது எருமை மாட்டு மேல மழை பெஞ்ச கதைதான்" என்றாள் மனைவி. அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னதால் அதுவும் அவருக்கு எட்டவில்லை.

அவள் வழி கண்டுபிடித்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்து, கூடத்துக்கு வந்து அவர் முன்னால் நின்று சொன்னாள். நடந்து வந்து சொல்லுகிற அளவுக்கு முக்கியமானதை மட்டும் சொன்னாள். வேடிக்கைப் பேச்சுக்காக யார் அத்தனை தூரம் நடப்பார்கள்? மெல்ல மெல்ல "என் காசு எங்க?" நின்றுபோனது. அவள் மன்னித்துவிட்டாள் என்று பட்டறைக்காரர் எடுத்துக்கொண்டார். அதையும் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னார்.

ஒரு நாள் படியேறும்போது அவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் எவ்வளவு நாளாக மூச்சு வாங்குகிறது என்று கேட்டார்.

"ரொம்ப நாளா. இவர்கிட்ட சொல்லிட்டேதான் இருக்கேன்."

பட்டறைக்காரர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்டயா? எப்ப சொன்னே?"

"அடுப்படியில இருந்துதான். கூடம் வரைக்கும் நடக்க மூச்சு ஏது? பாத்துக்கலாம்னு சொன்னீங்களே."

நுரையீரல் இறுகிப்போயிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார் டாக்டர். மகள் அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு ஆக்ஸிஜன் இயந்திரம் வந்தது. மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி. கழற்றினால் மூச்சு இல்லை, மாட்டினால் உதடு இல்லை. உள்ளே பனி படிந்து வாய் இருக்கிற இடம் வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் ஏதோ சொன்னாள். அவர் குனிந்தார். மறுபடி சொன்னாள். வாழ்நாளில் அன்றைக்குத்தான் பட்டறைக்காரர் செவிடர் ஆனார்.

யாரும் கூப்பிடாமல் தானே காது பரிசோதிக்கிற இடத்துக்குப் போனார். பரிசோதிக்கிற பெண்ணுக்கு மகளை விட இளம் வயது. அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, இவர் பட்டுப் பட்டென்று திருப்பிச் சொன்னார்.

"பாத்தியாம்மா? ஒண்ணு தப்பலை."

அவள் ஓர் அட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டாள். அவர் காத்திருந்தார்.

"ம், சொல்லும்மா."

அட்டை இறங்கியது. "மூணு வார்த்தை சொல்லிட்டேன், ஐயா."

பேரம் பேசாமல் இரண்டு காதுக்கும் கருவி வாங்கினார். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் ஊர்ச் சத்தம் முழுக்க உள்ளே நுழைந்தது. குழாய்ச் சொட்டு, நாற்காலி இழுபடுவது, தன் வாயே மெல்லுவது, எல்லாவற்றுக்கும் மேலே ஆக்ஸிஜன் இயந்திரத்தின் உறுமல். அவள் குரல் மட்டும் அந்த இரைச்சலில் எங்கேயோ தொலைந்து கிடந்தது. மறுநாளே போய்ச் சண்டை போட்டார்.

"காசைப் புடுங்கிட்டு பட்டறையைத் தூக்கிக் காதுக்குள்ள வச்சு அனுப்பிட்டீங்க!"

"இது கண்ணாடி மாதிரி இல்லைங்க, ஐயா, போட்டதும் தெரியறதுக்கு. இத்தனை வருஷம் சும்மா கிடந்த காது. எது என்ன சத்தம்னு மறந்துபோச்சு, திரும்பப் பழக்கணும். நீங்க முதமுதல்ல அடிச்ச தகடு நேரா வந்துச்சா?"

"கோணிக்கிட்டுதான் வந்துச்சு" என்றார் குரல் இறங்கி.

"யார் குரல் முதல்ல கேக்கணும் உங்களுக்கு?"

அவர் சொன்னார். அந்தப் பெண் கருவியை வாங்கிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். பிறகு, "அப்ப அவங்களையே வச்சுப் பழகுங்க. அவங்க அசந்துபோகாம பாத்துக்குங்க" என்றாள்.

அப்படித்தான் பாடம் ஆரம்பித்தது. கண்ணைப் பார்த்து ஊகித்துவிடுகிறார் என்று மகள் அவரைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். பின்னால் கட்டிலிலிருந்து மனைவி அறையில் இருக்கிற பொருளாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். முதலில் உறுமல்தான். பிறகு உறுமலுக்குள் ஏதோ ஒரு நூல்.

"செருப்பு?" என்பார்.

"அம்மா ஜன்னலுங்குறாங்க, நீங்க செருப்புங்குறீங்க!" என்று மகள் சிரிப்பாள். மனைவியும் சிரிப்பாள், சிரிப்பு இருமலாகும்.

"போதும்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்று மகள் தடுத்தால், மனைவி கையைத் தூக்கி உள்ளங்கையைப் புரட்டிக் காட்டுவாள். திருப்பி மறுபடி அடி. சாப்பாடு கொண்டுவந்த நாட்களில் பட்டறை வாசலில் நின்று பார்த்தே அவள் அந்தப் பாஷையைக் கற்றிருந்தாள். இத்தனை காலம் வீட்டில் ஒரு தரம்கூட அதைக் காட்டியதில்லை. காட்ட வேண்டும் என்று அவரும் கேட்டதில்லை.

ஜன்னல் வந்தது. சொம்பு வந்தது. போர்வை வந்தது. காது ஏற ஏற அவளுக்கு மூச்சு இறங்கியது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை சொன்னவள் ஐந்துக்கு வந்தாள், பிறகு இரண்டுக்கு. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தும் பட்டறைக்காரருக்கு அது கேட்டது. இவ்வளவு தெளிவாகக் கேட்க வேண்டாம் என்று முதல் தடவையாக நினைத்தார்.

அன்றைக்கும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வெகு நேரம் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வார்த்தை இல்லை போல என்று எழுந்திருக்கப் போனார்.

"என்... காசு... எங்க?"

அவர் திரும்பவில்லை. "தொழில்ல..." என்று ஆரம்பித்தார்.

எழுந்து அறை மூலையிலிருந்த அலமாரியைத் திறந்தார். அவர் கொட்டகையில் முதன்முதலில் அடித்தது, கதவு கொஞ்சம் கோணல். நூறு நூறாக எடுத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து விரல்களை விரித்து வைத்தார். மூட வலுவில்லாமல் அது விரிந்தபடியே கிடந்தது. அவளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லி ஒவ்வொன்றாக வைத்தார்.

"வட்டி?" என்றாள் முகமூடிக்குள்.

"அது கேக்கலை எனக்கு" என்றார். அவள் கண் சிரித்தது.

நாலாயிரத்து எழுநூறு. நாலாயிரத்து எண்ணூறு. நாலாயிரத்துத் தொள்ளாயிரம். கடைசி நோட்டை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ஐயாயிரம்."