ஆவடி – காட்டுப்பாக்கம்: பின்சீட்டில் படுத்துவந்த கணவரும் நான் ஓட்டிய பதின்மூன்று கிலோமீட்டரும்

என் தங்கை மகள் போன மாதம் நியூசிலாந்தில் குடியேறினாள். போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரமே ஓட்டுநர் தேர்வில் தோற்றுவிட்டு எனக்குப் போன் செய்து மூக்கை உறிஞ்சினாள். மலேசியாவில், எங்கள் ஈப்போவில் ஏழு வருடம் கார் ஓட்டியவள். எல்லாம் தெரிந்தும் ஃபெயில் போட்டுவிட்டார்கள் பெரியம்மா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். புது நாட்டில் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிற யாருக்காவது உதவலாம்.

நானும் ஈப்போக்காரிதான். அப்பாவின் மளிகைக் கடை வேனை எட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். 1991-இல் ஜெயராஜைக் கல்யாணம் செய்துகொண்டு ஆவடிக்கு வந்தேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். இரண்டு வருடம் பஸ்ஸிலும் அவருடைய சைக்கிள் கேரியரிலும் ஓடிவிட்டது. கார் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

1993 ஆகஸ்டில் அவருக்கு முதுகெலும்பில் தட்டு விலகி, காட்டுப்பாக்கம் தாண்டி ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. மூன்று மாதம் உட்காரவே கூடாது, படுத்தபடிதான் எங்கேயும் போக வேண்டும் என்றார் டாக்டர். முதல் பரிசோதனைக்கு 280 ரூபாய் பேசி வாடகைக் கார் வைத்துக்கொண்டோம். டிரைவருக்கு வேறு சவாரி காத்திருந்தது போலிருக்கிறது, ஒரு பள்ளத்தையும் மதிக்கவில்லை. கரையான்சாவடி அருகே ஒன்றில் இறங்கி ஏறியபோது இவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தையல் பக்கத்தில் வீங்கிவிட்டது. இன்னொரு தடவை இப்படிக் குலுங்கினால் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அடுத்த பரிசோதனை ஆறு வாரம் கழித்து. அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டேன், அடுத்த தடவை இவரை நான்தான் கூட்டிப் போவேன் என்று.

என் மலேசிய லைசன்ஸ் காலாவதியாகி ஒன்பது மாதம். ஆக, முதலிலிருந்து எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் காத்திருந்து, தேர்வுக்குப் போக வேண்டும். ஆறு வாரத்தில் முப்பது நாள் போனால் மிச்சம் எவ்வளவு என்று காலண்டரில் விரல் வைத்து எண்ணிக்கொண்டே இருந்தேன்.

கார், திருமழிசை தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருந்தவரிடம் கிடைத்தது. 1977 மாடல் அம்பாசடர், 31,000 ரூபாய். ஈப்போவில் போட்ட நகையில் பாதி போயிற்று. வண்டியை வாங்குபவர்கள் இன்ஜினைத்தான் திறந்து பார்ப்பார்கள். நான் பின்கதவைத் திறந்து சீட்டில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். பட்டறைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். இவர் ஐந்தடி ஐந்தங்குலம். முழங்காலை மடக்கினால் சரியாக இருக்கும்.

கற்றுக்கொடுக்க ஏகாம்பரம் என்று ஒரு டிரைவிங் மாஸ்டர் வந்தார். பத்து நாளைக்கு 600 ரூபாய். எட்டு வருடம் ஓட்டியவளுக்கு என்ன வகுப்பு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம் இருந்தது உண்மை. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருப்பது மட்டும்தான் புதிது, அது நான்கு நாளில் கைக்கு வந்துவிட்டது. ஐந்தாம் நாளோடு மாஸ்டரை நிறுத்திக்கொண்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் கேட்கவில்லை.

முப்பத்திரண்டாம் நாள் தேர்வு. இன்ஸ்பெக்டர் பின்னால் ஏறிக்கொண்டார். கியர், கைச் சைகை, ரிவர்ஸ் எல்லாம் பிசகில்லாமல் செய்தேன். ஒரு சைக்கிள்காரர் நடுரோட்டில் ஆடிக்கொண்டே போனார், அவர் ஒதுங்கும்வரை பொறுமையாகப் பின்னாலேயே போனேன். ஒரு மதில் முனையில் நின்று எட்டிப் பார்த்துத் திரும்பினேன். எருமைகளுக்காகக் காத்திருந்தேன். எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது. இன்ஸ்பெக்டர் வண்டியை ஓரம்கட்டச் சொன்னார்.

"ஹாரன் எங்க இருக்குன்னு தெரியுமாம்மா?"

காட்டினேன்.

"அப்புறம் ஏன் ஒரு தடவை கூடத் தொடல?"

"யாரும் தப்பு எதுவும் பண்ணலையே சார்" என்றேன்.

அவர் ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். எங்கள் ஊரில் ஹாரன் அடிப்பது முகத்துக்கு நேராகத் திட்டுவது மாதிரி. எட்டு வருடத்தில் நான் அடித்தது பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும், அதிலும் பாதிக்கு ராத்திரி வருத்தப்பட்டிருக்கிறேன். இங்கே லாரிகளின் முதுகில் ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியிருப்பதைப் பார்த்தபோதெல்லாம், திட்டு வாங்க இப்படி ஒரு ஆசையா என்று நினைத்திருக்கிறேன்.

வெட்கத்தை விட்டு ஏகாம்பரத்திடம் திரும்பப் போனேன். அவர் குத்திக் காட்டவில்லை. வேலப்பன்சாவடிக்கு அந்தப் பக்கம் நூம்பலில் அப்போது வயலை மனை போட்டு, ரோடு வெட்டி, நம்பர் எழுதிய கற்களை மட்டும் நட்டு வைத்திருந்தார்கள். வீடு ஒன்றுகூடக் கிடையாது. அங்கே என்னை ஓட்டவிட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ஹாரன் அடிக்கச் சொன்னார். என் கை போவேனா என்றது.

"நீ யாரையும் திட்லமா. 'வந்துகினு கீறேன்'னு சொல்ற, அவ்ளோதான். ஊட்டுக்கு வர்றவன் கதவத் தட்டிட்டுதானே வர்றான்? சொல்லாம வந்து பக்கத்துல நின்னாதான் அவன் பயந்துக்குவான்."

அது எனக்குச் சட்டென்று விளங்கியது. நாற்பத்தாறு மனைகளுக்கும் கதவைத் தட்டினேன். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் எருமைக்கும் அடித்தேன், எதிரே வந்த பஸ்ஸுக்கும் அடித்தேன், யாருமில்லாத திருப்பத்திலும் அடித்தேன். இன்ஸ்பெக்டர் போதும் போதும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். லைசன்ஸ் கைக்கு வந்தபோது பரிசோதனைக்கு இரண்டே நாள் மிச்சம்.

வியாழக்கிழமை காலை 9.15. பக்கத்து வீட்டுக் குமரேசனும் அவர் தம்பியும் இவரைப் பலகையில் கொண்டுவந்து பின்சீட்டில் கிடத்தினார்கள். இவர் ஜெபம் செய்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொன்னார். நான் ஓட்டி இவர் பார்த்ததே கிடையாது, பயப்படத்தானே செய்வார். படுத்திருந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் மின்கம்பிகளும் மரத்தின் உச்சியும்தான்.

பள்ளத்தை முன்கூட்டியே சொன்னால் மூச்சைப் பிடித்து இடுப்பை இறுக்கிக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார். முதல் பள்ளத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் சக்கரம் இறங்கிவிட்டது. இரண்டாவதற்குக் கத்தினேன், பக்கத்தில் போன லாரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூடக் கேட்டேன். அவர்தான் சொன்னார்:

"வாயால சொல்லாத, ரூத்து. ஹாரனை அடி. ஒண்ணு அடிச்சா பள்ளம், ரெண்டு அடிச்சா வளைவு. நான் புரிஞ்சுக்கிடுவேன், என்னா."

பருத்திப்பட்டு வரை அப்படியே போனோம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்தான். எனக்குக் கை பழகப் பழக, பின்னாலிருந்து முனகல் நின்றது. காடுவெட்டி கூவம் பாலம் குறுகல், எதிரே பஸ் வந்தால் நின்றுதான் போக வேண்டும். பாலம் இறங்கியதும் வரிசையாகப் பள்ளங்கள். ஒன்று, ஒன்று, ஒன்று என்று அடித்துக்கொண்டே போனேன். ஓரமாகக் கீரைக்கட்டு வைத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் நின்றுவிட்டார்.

"இன்னாமா, ரோட்ல ஒரு ஆளு இல்ல. யாருக்கு அடிச்சிக்கினே வர்ற?"

பின்னால் படுத்திருக்கிறவருக்கு என்றேன். அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் நடந்து, எந்தப் பக்கம் ரோடு நன்றாக இருக்கிறது என்று கையைக் காட்டிக்கொண்டே ஐம்பது அடி தூரம் கூட்டிப் போனார். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை, கீரை வாடிவிடும் என்று திரும்பிவிட்டார்.

கரையான்சாவடியில் நெடுஞ்சாலையைத் தொட்டு, குமணன்சாவடி வழியாகக் காட்டுப்பாக்கம் தாண்டி மருத்துவமனை வாசலில் நிறுத்தியபோது 10.25. பதின்மூன்று கிலோமீட்டருக்கு எழுபது நிமிடம். டாக்டர் தையலையும் முதுகையும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். வீக்கம் வற்றிவிட்டது, எதுவும் அசையவில்லை, மறு ஆபரேஷன் வேண்டாம், இன்னும் மூன்று வாரத்தில் உட்காரலாம் என்றார். நான் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் நன்றாக அழுதேன். அவ்வளவு நிம்மதியை நான் அதற்குப் பிறகு இரண்டு தடவைதான் அனுபவித்திருக்கிறேன், இரண்டும் பிரசவம்.

திரும்பி வந்த கதைக்கு முன்னால், கேட்டவர்களுக்காகச் சில விஷயங்கள். புது நாட்டுக்குப் போகிறவர்கள் பழைய லைசன்ஸைக் காலாவதியாக விடாதீர்கள், நான் பட்டது போதும். எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் அந்த ஊர் மாஸ்டர் ஒருவரிடம் பத்து நாளும் போங்கள். ஐந்தாம் நாள் அவர் ஏதாவது சொல்ல வந்தால் காது கொடுங்கள். தேர்வுக்கு முன் ஒரு நாள் ரோட்டோரத்தில் நின்று, அந்த ஊர்க்காரர்கள் ஹாரனை எதற்கு அடிக்கிறார்கள், விளக்கை எதற்குப் போடுகிறார்கள், யார் யாருக்கு வழிவிடுகிறார்கள் என்று சும்மா வேடிக்கை பாருங்கள். விதிப் புத்தகத்தில் அது இருக்காது. என் தங்கை மகளும் அங்கே அப்படி ஏதோ ஒன்றில்தான் கோட்டை விட்டிருக்கிறாள், கண்டுபிடித்துவிடுவாள். முதுகு ஆபரேஷன் ஆனவரைக் கூட்டிப் போகிறவர்கள் மத்தியான நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள், ஷிஃப்ட் விடுகிற கூட்டம் இருக்காது.

12.50-க்குக் கிளம்பினோம். வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. சென்னீர்குப்பம் வரை ஒன்றும் இரண்டுமாக அடித்துக்கொண்டு வந்தேன். அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு சத்தம். பயந்துபோய் ஓரம்கட்டிப் பார்த்தேன். குறட்டை. பத்து வாரமாக மாத்திரை போட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்காத மனிதர், வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

அடுத்த பள்ளம் வந்தது. ஹாரனுக்குப் போன கையை எடுத்துவிட்டேன். முதல் கியரில், நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்றினேன். பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு லாரியும் சேர்ந்துகொண்டு ஹாரனாக அடித்தன. முன்பானால் கூனிக் குறுகியிருப்பேன். வலது கையை வெளியே நீட்டி, தாண்டிப் போங்கள் என்று காட்டிவிட்டு அதே வேகத்தில் ஓட்டினேன். அத்தனை சத்தத்துக்கும் இவர் அசையவில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியை நிறுத்தியபோது 2.10. குமரேசனும் தம்பியும் பலகையோடு தயாராக நின்றார்கள். இன்ஜினை அணைத்ததும் இவர் கண்ணைத் திறந்தார்.

"பாலம் வந்துட்டா?"

"வீடே வந்துருச்சு, அத்தான்" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக எங்கள் வீட்டு மாடிச் சுவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

"இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் இப்படியே கெடக்கேன், ரூத்து."

பலகையைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லி அவர்களுக்குச் சைகை காட்டினேன். மூன்று மணி வரை யாரும் அவரை எழுப்பவில்லை.