ஆர்டித் காலைத் தூக்கவில்லை

ஆர்டித் மலின்ஸ் முப்பத்தோரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஒரு ஜனவரியில், பனி உறைந்த மலைப்பாதையில், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அரை மைல் பேருந்தைப் பின்பக்கமாகவே இறக்கியிருக்கிறாள். அன்று அவள் கை தடுமாறியதாக யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம், தீயணைப்பு நிலையத்துக்குள் கிட்டார் பெட்டியோடு வந்து நின்றபோது தடுமாறியது. பெட்டியின் பூட்டு போய்விட்டதால் இடுப்புப் பட்டையால் கட்டியிருந்தாள். அதை அவிழ்க்க வெகுநேரம் ஆனது.

வியாழன்தோறும் தீயணைப்பு வண்டிகள் இரண்டையும் வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வட்டமாக நாற்காலி போடுவோம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். முறை சுற்றி வரும். முறை வந்தவர் ஒரு பாட்டைச் சொல்வார், சுருதி சொல்வார், பாடுவார். இடையில் யார் தனியாக வாசிக்க வேண்டும் என்று பார்த்துத் தலையசைப்பார். முடிக்க நினைத்தால் ஒரு காலைத் தூக்குவார். பாட்டைச் சொன்னவரின் கால்தான் பாட்டை முடிக்கும். வேறு சட்டம் இல்லை.

நான் பாஸ் வாசிக்கிறேன், தடித்த தந்திகளில் பாட்டுக்கு அடியில் தாளம் பிடிக்கும் ஆளுயர வாத்தியம். மற்றவர்கள் இடையில் நிறுத்தி மூக்கைச் சொறிந்துகொள்ளலாம். பாஸ் நிற்கக் கூடாது.

தலைவர் என்று இங்கே யாரும் இல்லை. ஆனால் மாண்டலினோடு ஹார்லன் உட்கார்ந்திருப்பார். அவர் ஆர்டித்தின் அண்ணன்.

சின்ன வயதிலிருந்து இருவரும் சேர்ந்து பாடியவர்கள். அண்ணன் மேல்குரல், தங்கை கீழ்க்குரல். மூன்று திருச்சபைகளில் எந்தச் சாவு விழுந்தாலும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் அவர்களுடைய அம்மாவே போய்ச் சேர்ந்தாள். குழிமேட்டில் நின்று அம்மாவுக்குப் பிடித்த பாட்டைத் தொடங்கினார்கள். இரண்டாவது சரணத்தில் ஆர்டித்தின் குரல் நின்றது. அவள் திரும்பி நடந்து காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். ஹார்லன் தனியாகவே பாடி முடித்தார். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பாதியில போனவ போனவதான்."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் எதிரே வண்டி வந்தால், ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை வணக்கமாகத் தூக்குவோம். முன்பின் தெரியாதவனுக்குக்கூட. ஒன்பது வருடமாக அந்தப் பேருந்தைப் பார்த்து ஹார்லன் விரல் தூக்கவில்லை. அந்தப் பாட்டையும் பாடவில்லை.

ஆர்டித் வந்த அன்றைக்கு முதல் பாட்டு ஹார்லனுடையது. வட்டத்தில் ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையசைத்து வந்தார். ஆர்டித்தின் நாற்காலி காலியாக இருப்பதுபோல அடுத்த ஆளுக்குப் போனார். என்னைத் தவிர எல்லோரும் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது பாட்டு ஓபலுடையது. அவள் பாஞ்சோ வாசிப்பவள். வாராவாரம் பீன்ஸ் கொண்டுவந்து நிலையத்து அடுப்பில் ஏற்றுவதும் அவள்தான். ஓபல் ஆர்டித்தைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆர்டித் இரண்டு தந்தியைத் தவறவிட்டாள். ஹார்லன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த முறை ஆர்டித்துக்கு. ஹார்லன் அவளைத் தாண்டிப் பார்த்தார்.

"எமரி, உன் முறை."

பிடிலைத் தாடைக்குக் கொண்டுபோன எமரி, அதை மடியில் இறக்கி வைத்தார். எழுபத்தாறு வயது. யாருக்கும் பயப்படத் தேவையில்லாத வயது.

"எனக்கு முன்னாடி ஒரு நாற்காலி இருக்குது, ஹார்லன். அதுல ஒரு பொம்பள உக்காந்திருக்கா. உனக்குக் கண்ணு தெரியலன்னா சொல்லு, நான் வீட்ல கொண்டுபோய் விடறேன்."

ஆர்டித் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஜி சுருதியில. அம்மாவோட பாட்டு."

தொடங்கினாள். முதல் சரணம் தாண்டிப் பல்லவிக்கு வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பாட்டைச் சொன்னவர் மேல்குரலைப் பாடுவதுதான் வழக்கம். அவள் கீழ்க்குரலைப் பாடினாள், தன் பழைய இடத்தை. மேலே யாரும் இல்லை. ஒரு பக்கச் சுவர் மட்டும் எழுப்பிய வீடு மாதிரி நின்றது பாட்டு.

எமரிக்குத் தலையசைத்தாள். அவர் வாசித்தார். ஓபலுக்கு. பிறகு ஹார்லனுக்கு. தலையசைத்தால் வாசித்தாக வேண்டும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு வாசித்தார். இரண்டாவது சரணம் வந்தது. அவள் நின்றுபோன வரி வந்தது. தாண்டிப் போனாள். மறுபடி பல்லவி, மறுபடி கீழ்க்குரல் மட்டும்.

மூன்றாவது சரணத்தை அவள் எடுக்கவில்லை. மறுபடி எமரிக்குத் தலையசைத்தாள். காலைத் தூக்கவில்லை.

ஐந்தாவது சுற்று. ஏழாவது. ஒவ்வொரு பல்லவியிலும் அதே ஓட்டை. எல்லோருடைய கண்ணும் அவள் கால்களில் இருந்தது. பழுப்புநிற பூட்ஸ், வலது குதிகால் பிரேக் மிதித்துத் தேய்ந்தது. சிமெண்டில் பதித்ததுபோல் இருந்தது. என் நடுவிரலில் கொப்புளம் உடைந்து தந்தி வழுக்கியது.

"ஆர்டித், பீன்ஸ் அடிபிடிக்குதுடி!" ஓபல் வாசித்தபடியே கத்தினாள்.

"பிடிக்கட்டும்."

எமரியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

பதினோராவது சுற்றில் ஹார்லன் தன் காலைத் தூக்கினார்.

முப்பது வருடமாக மற்றவர்களுக்குச் சட்டம் சொன்னவர். இன்னொருவர் பாட்டில் காலைத் தூக்கியதற்காக ஒருத்தனை வெளியே அனுப்பியவர். காலை நீட்டி, முட்டி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். ஓபல் பார்த்தாள். எமரி பார்த்தார். நானும் பார்த்தேன். யாரும் நிறுத்தவில்லை. சொன்னவள் கால் கீழேதான் இருந்தது. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. அவருடைய கால் மட்டும் அந்தரத்தில் நடுங்கியது.

மெதுவாக இறக்கினார். முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கதவு அவர் முதுகுக்குப் பின்னால்தான் திறந்திருந்தது. மாண்டலினை மடியில் கவிழ்த்தார். அப்போதும் ஆர்டித் அவருக்குத்தான் தலையசைத்தாள்.

அவர் மூன்றாவது சரணத்தை எடுத்தார். முதல் வார்த்தை உடைந்தது, இரண்டாவது வந்தது. பல்லவியில் மேலே ஏறினார். உச்சியில் குரல் எட்டாமல் கீறியது. கீழே அவள் இருந்தாள். சாவு வீடுகளில் நான் கேட்டதைவிட மோசமாகத்தான் பாடினார்கள்.

ஆர்டித் காலைத் தூக்கினாள். எல்லோரும் ஒன்றாக நிறுத்தினோம்.

ஓபல் அடுப்பை நோக்கி ஓடினாள். ஹார்லன் மாண்டலினுக்குச் சுருதி சேர்க்கத் தொடங்கினார், அது விலகியிருக்கவே இல்லை என்றாலும். தங்கையைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"ஜி எனக்கு இப்ப எட்டல. அடுத்த வியாழன் கொஞ்சம் இறக்கி எஃப்-ல புடி."

"அந்தப் பாட்டுக்கு ஒம்பது வருஷம் வாயை மூடி வெச்சிருந்தா எப்படிண்ணே எட்டும்?"

எமரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தன் பாட்டைச் சொன்னார். நான்கு வரை எண்ணித் தொடங்கினார். என்னால் விரலை மடக்க முடியவில்லை. முதல் சுற்று பாஸ் இல்லாமலே போயிற்று. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.