வத்தல் மூடிய வெள்ளைத் துணி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு எதற்கு இந்த வேலை என்றிருந்தேன். முடிவெட்டும் கடையில் உங்கள் பத்திரிகையைப் புரட்டினால், எல்லோரும் யாரோ தங்களுக்குச் செய்த நல்லதையே எழுதியிருக்கிறார்கள். நான் செய்த கோளாறையும் ஒருவர் படிக்கட்டுமே.

எண்பத்திரண்டாம் வருஷம், வைகாசி மாதம். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கரிசல் காட்டு நடுவில் வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளம் ஒன்று கிடந்தது. அக்கம்பக்கத்தார் அதில்தான் மிளகாய் வத்தல் காயப்போடுவார்கள். அந்த வருஷம் வெளியூர் கிளப் ஒன்று கிளைடரோடு வந்து இரண்டு வாரம் தங்கியது. என்ஜின் இல்லாத விமானம். ஓடுதளத்தின் ஒரு கோடியில் இயந்திரம் நீளக் கம்பியைச் சுருட்டச் சுருட்ட, மறு கோடியில் இருக்கும் கிளைடர் பட்டம் போல ஏறிவிடும். மேலே போனதும் கழன்று விழும் கம்பியை டிராக்டரில் இழுத்து வருவது என் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. இரண்டு வெள்ளைத் துணிகளை ஆங்கில டி எழுத்துபோல ஓடுதளத்தில் விரித்துவைக்க வேண்டும். எங்கே, எந்தத் திசையில் இறங்கலாம் என்று மேலே இருப்பவருக்குச் சொல்வது அந்தத் துணிதான். காற்று மாறினால் அதையும் திருப்பிப் போட வேண்டும்.

கடைசி நாள், கிளைடர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார், "ஒரு சுற்று வர்றியா?" என்று கேட்டார். கசக்குமா? துணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் கூட்டாளியை நிறுத்தினேன். பனவடலிசத்திரத்துக்காரன். அவனுடைய ஒரு வருஷப் பாடு முழுக்க ஓடுதளத்து ஓரத்தில் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏலே, இத நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். மழை வந்தா எடுத்து ஒன் வத்தல மூடிக்கோ. அதுக்குத்தான கொண்டாந்திருக்காவ!"

அவன் தலையாட்டினான். நான் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன்.

கம்பி கழன்றதும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், அதுமாதிரி நான் கேட்டதே இல்லை. காற்று மட்டும் மெல்ல உரசிக்கொண்டு போனது. பருந்து ஒன்று பக்கத்திலேயே சிறகசைக்காமல் வட்டம் போட்டது. நாங்கள் அதோடு சுற்றினோமா, அது எங்களோடு சுற்றியதா தெரியாது. எங்கள் ஊர்க் கோபுரம் சுண்டுவிரல் நுனி அளவு. மேகநிழல்கள் கரிசலின் மேல் ஆடுமாடு போல நிதானமாக மேய்ந்துபோயின. ஊரையே வாயால் வம்புக்கிழுக்கும் நான் கன்னத்தைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டேன். அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

திடீரென்று குளிர்ந்தது. கிழக்கே கருப்பாக ஏறி வந்த மேகம் எங்களைக் குலுக்கியது. கண்ணாடியில் தூறல். கீழே பார்த்தேன். ஓடுதளத்தில் துணியைக் காணோம். ஓரத்தில், ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாக, அதே வெள்ளை!

"அடையாளத்த அங்க மாத்திப் போட்டிருக்காங்க. ஓடுதளத்துல ஏதோ தடங்கல் போல," என்று வாத்தியார் அந்தப் பக்கம் திருப்பினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அது வத்தல் குவியல். சுற்றிலும் ஆணும் பெண்ணுமாகக் குனிந்து அள்ளிக்கொண்டிருப்பார்கள். தாழ இறங்கிவிட்டால் இது மறுபடி ஏறாது. சொன்னால் என் மானம் போகும்.

"சார், அது வத்தல் சார்! ஆளுவ நிக்காவ! நாந்தான் வெளையாட்டுக்குத் துணிய எடுக்கச் சொன்னேன்!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காத்து எங்கேருந்து வருது? பாத்துச் சொல்லு."

"பனையோலையெல்லாம் மேக்க சாயுது சார். கீழ்க்காத்து!"

ஓடுதளத்தின் மேற்கு முனைக்குச் சுற்றிப்போய், கிழக்கு பார்த்து இறக்கினார். சக்கரம் தரையில் பட்டபோது மழை பிடித்துக்கொண்டது.

வாத்தியார் என்னைத் திட்டவே இல்லை. நேராகக் கூட்டாளியிடம் போய், "வத்தல் நனையலையே?" என்று கேட்டார். அதற்கு ஒரு அறை வாங்கியிருக்கலாம்.

இன்றைக்கும் நான் கேலி பேசுகிறவன்தான். ஆனால் கேட்கிறவன் சிரித்தானா என்று ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு நகர்கிறேன். அன்றைக்கு மழையில் நின்று, "கோட்டிக்காரப் பயலே, நான் சொன்னா அப்படியே செஞ்சிருவியாலே?" என்று கேட்டபோது, கூட்டாளி வத்தலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"நீ சொன்னதுன்னுதாம்ல செஞ்சேன்."