கேட்டதற்குப் பதில் சொன்ன ஸ்கேன் டாக்டர்

வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தபோது கணவர் போனில் சொன்னார்: "ஸ்கேன் டாக்டர் அருளானந்து போயிட்டாராம். நெஞ்சுவலி." அவருக்கு முன்னால் போகப்போவது நான்தான் என்று நினைத்திருந்தேன்.

அவர் நினைவாக இங்கே கூடியிருக்கிற, அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அதிகம் பேசமாட்டார். இருட்டறையில் உட்கார்ந்து படம் பார்த்து எழுதிக் கொடுப்பார். நோயாளிகள் அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

எனக்கு முதலில் ஆஸ்துமா என்றார்கள். பிறகு காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூச்சிரைப்பு கூடிக்கொண்டே போனது. நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சில் குழாய் போடும்படி ஆயிற்று. கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போய் சி.டி. ஸ்கேன் எடுத்த அன்று, அவரே வெளியே வந்து என்னை உள்ளே கூப்பிட்டார். திரையில் நுரையீரல் முழுக்கக் கறுப்பு வட்டங்கள்.

"இது டி.பி. இல்லம்மா. ஒவ்வொண்ணும் காத்து அடைச்ச பை. சுவரு மெல்லிசா, உருண்டையா, மேலயும் கீழயும் ஒரே மாதிரி பரவியிருக்கு பாருங்க. லாம்னு ஒரு நுரையீரல் நோய். பெரும்பாலும் பொம்பளைங்களுக்குத்தான் வரும், அதுவும் ரொம்ப அபூர்வமா." படத்தைக் கீழே நகர்த்தி, சிறுநீரகத்தில் இருந்த கொழுப்புக் கட்டியையும் காட்டினார். "இதையும் சேத்துப் பாத்தா சந்தேகமில்ல."

"சரியாயிடுமா சார்?"

"ஆகாதும்மா. வேகத்தக் கொறைக்க மாத்திரை இருக்கு."

"குழந்தை?"

கண்ணாடியைக் கழற்றினார். "மார்புநோய் டாக்டர்தான் சொல்லணும். ஆனா கேட்டுட்டீங்க. கர்ப்பமானா இது கூடலாம். நீங்க என் மகளா இருந்தா வேணாம்னுதான் சொல்வேன்."

மாமியார் திருக்கோகர்ணம் கோயிலில் வேண்டிக்கொண்டிருந்த பிள்ளை அது. பேருந்தில் வரும் வழியெல்லாம் டாக்டரை வெறுத்தேன். சாயங்காலம் போன் செய்து, "வீட்டுக்குப் போய்ச் சேந்தீங்களா?" என்றார். போனை வைத்துவிட்டேன். மறுவாரமும் கூப்பிட்டார். நான் பேசும்வரை கூப்பிட்டார்.

அவர் இறந்து சில நாளில் ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். அவளுக்கும் இதே நோய்; நெஞ்சில் குழாய் போட்டதையும் சொன்னாள். டாக்டர்தான் என் போன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்கு அவளுக்கு விசா வந்திருந்தது.

"பிளேன்ல போலாமாக்கா? டாக்டர்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள..."

"போன வாரந்தானம்மா நெஞ்சுக் குழாய எடுத்தாங்க. இப்ப ஏறக்கூடாது. ஒன் டாக்டரும் அதத்தான் சொல்லுவாரு."

அவள் அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அருளானந்து டாக்டரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது இதுதான்.