மருந்து டப்பாவுக்கும் காசு

எங்கள் தெருவில் குப்பைக்குக் காசு கொடுக்க ஆரம்பித்த பிறகு சாக்கடை அடைப்பு குறைந்தது உண்மைதான். பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால், சனிக்கிழமை வரும் வண்டியில் எடை போட்டுப் பணத்தைக் கையிலேயே தந்தார்கள். நானும் பால் கவரைக்கூட அலசிக் கொடியில் தொங்கவிட்டேன்.

என் அண்ணன் மனைவிக்கு அடுத்த வீடு. தினமும் ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போய்வருவார். ஒருநாள் சாயங்காலம் சாக்கு நிறைய டப்பாக்களோடு வந்து இறங்கினார். எல்லாம் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து டப்பாக்கள்.

“என்ன மதினி, இதைப் போயி கொண்டாந்திருக்கீங்க?”

“தோட்டத்துல சும்மா கெடக்கு. கனத்த டப்பா, நல்லா எடை நிக்கும்.”

“வாடை கொமட்டுதே.”

“அதுக்குத்தான கழுவப்போறேன். வாடை அடிச்சா வண்டிக்காரங்க எடுக்க மாட்டாங்க.”

கொல்லையில் உட்கார்ந்து வெறுங்கையால் கழுவினார். தண்ணீர் பால்போல ஓடி முருங்கை மரத்தடியில் தேங்கியது. மறுநாள் அதில் வாய்வைத்த அவருடைய கோழிகள் அங்கேயே செத்துக் கிடந்தன.

“சீக்கு வர்ற காலம்தான்” என்றார் மதினி. நான் என் பிள்ளைகளைக் கொல்லைப் பக்கம் விடவில்லை.

வாரத்துக்கு வாரம் சாக்கு பெருத்தது. ஜன்னலைச் சாத்தினாலும் எங்கள் சோற்றில் அந்த வாடை இருப்பதுபோல் தோன்றியது. “போதும் மதினி, விட்டுருங்க” என்று எத்தனையோ தடவை சொன்னேன். சிரித்துக்கொண்டே கழுவினார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். வாயில் எச்சில் வழிந்தது. சேலை வேர்வையில் நனைந்திருந்தது. “கண்ணு மங்குது” என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். “வீட்டுல ஏதும் சண்டையா? எதுக்கு மருந்தைக் குடிச்சாங்க?”

“குடிக்கல சார். டப்பா கழுவுனாங்க.”

அவர் நம்பவில்லை. மதினியின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை வெடித்து, தோல் உரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் சண்டையைப் பற்றிக் கேட்கவில்லை.

மதினி பிழைத்து வந்தார். விரல் நடுக்கம் மட்டும் போகவில்லை. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். வண்டிக்காரர்களிடம் நடந்ததைச் சொன்னேன். இனி மருந்து டப்பா வாங்க மாட்டோம் என்றார்கள்.

போன வாரம் மதினியைக் கேட்டேன், “ஜீப்புல கூட வர்ற பொம்பளைங்ககிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“லேபிளைக் கிழிச்சுட்டுக் குடுத்தா வண்டியில எடுத்துக்கிறாங்களாம்” என்றார்.