இரண்டு நட்சத்திரமும் என் பதிலும்

அந்த வருடங்களில் காலையில் எழுந்ததும் நான் முகம் கழுவுவதில்லை. முதலில் கொம்பியூட்டரைத்தான் போடுவேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு அன்ரியின் வீட்டு அனெக்ஸில் குடியிருந்தேன். அனெக்ஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கார் விடக் கட்டிய இடத்துக்குச் சுவர் வைத்து, கதவு போட்டு, அன்ரி வாடகைக்கு விட்டிருந்தார். ரயில் போனால் மேசை நடுங்கும். போன் வயரில் வந்த இன்ரநெற் ஆடி அசைந்துதான் வரும். பக்கம் திறக்கும் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

என் தொழில் என்னவென்று யாருக்கும் லேசில் விளங்காது. வெளிநாடுகளில் வீட்டிலிருந்தபடியே தோடு, சப்பாத்து, பிள்ளைகளின் சட்டை என்று விற்பவர்கள் தங்கள் பொருட்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார்கள். படத்தில் கட்டில் இருக்கும், சோபா இருக்கும், சில வேளை பூனையும் படுத்திருக்கும். அதையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு, பொருளை மட்டும் வெள்ளைப் பின்னணியில் வைத்துத் திருப்பி அனுப்பவேண்டும். இப்படி வேலை கொடுப்பவர்களும் செய்பவர்களும் சந்திக்க ஒரு இணையச் சந்தை இருந்தது. முதலாளி கிடையாது. போய் இருந்து வேலை செய்யக் கந்தோர் கிடையாது. வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் நட்சத்திரம் போட்டு, கீழே இரண்டு வரி எழுதுவார். அடுத்து வருபவர் என் படிப்பைக் கேட்கமாட்டார். முன்னால் வந்தவர் எழுதிய அந்த இரண்டு வரியைத்தான் பார்ப்பார்.

எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் இன்னும் மனப்பாடம். 'சுத்தமான வேலை, இனிமையான ஆள்.' இனிமையான ஆளா! என் அம்மா கேட்டிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். ஆனாலும் அன்று முழுக்க நான் இனிமையாகவே இருந்தேன். மரக்கறிக்காரனோடு பேரம்கூடப் பேசவில்லை.

அதோடு வந்தது வினை. நட்சத்திரம் ஏற ஏற எனக்கு நித்திரை குறைந்தது. 'நிழல் கொஞ்சம் கூடிவிட்டது' என்று ஒருவர் எழுதினால், அவர் கேட்காமலே மூன்று விதமாகச் செய்து அனுப்புவேன். ஒருவர் இரண்டாந்தரம், மூன்றாந்தரம் என்று திருத்தச் சொல்லிவிட்டு, 'உங்களுக்குக் கூடாத விமர்சனம் எழுத எனக்கு விருப்பமில்லை' என்று சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்புவார். வாய்க்கு வந்தபடி தமிழில் திட்டிவிட்டு, ஆங்கிலத்தில் 'சந்தோஷமாகச் செய்து தருகிறேன்' என்று எழுதுவேன். மனிதரைப் பயமுறுத்த ஆயுதம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊரில் நான் ஐந்து சின்ன நட்சத்திரங்களுக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் விடியப்புறம் பொலிஸார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். அப்போது அது புதினமல்ல. கதவைத் தட்டுவார்கள், அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், யாழ்ப்பாண விலாசம் என்றால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் இருக்கப் பொலிஸில் பதிந்து துண்டு எடுக்கவேண்டும்; என்னிடமும் ஒரு பதிவுத் துண்டு இருந்தது. ஆனால் அதிலிருந்த விலாசம் நான் முதலில் இருந்த கொட்டாஞ்சேனை வீட்டினுடையது. வெள்ளவத்தைக்கு மாறியதும் புதிதாகப் பதிந்திருந்தேன். அந்தப் புதுத் துண்டை அன்ரி பத்திரமாக வைத்திருந்தார். எவ்வளவு பத்திரம் என்றால், எங்கே வைத்தார் என்று அவருக்கே ஞாபகம் வரவில்லை. 'சும்மா விசாரிச்சிட்டு விட்டுடுவம்' என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பொலிஸ் ஸ்டேசனில் ஒரு நீண்ட வாங்கில் இருத்தினார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த பெண்கள் அழுதார்கள். எனக்குப் பயமும் இருந்தது; அதற்குள்ளே இன்னொரு பதைப்பும் இருந்தது. அன்றைக்குப் பின்னேரத்துக்குள், வெளிநாட்டில் தோடு விற்கும் ஒரு அம்மாவுக்குப் படங்கள் அனுப்பவேண்டும். வார இறுதியில் அவருக்கு ஒரு கண்காட்சி. படங்கள் முக்கால்வாசி முடிந்து கொம்பியூட்டரில் கிடந்தன. 'ஐயோ என்ர படம், என்ர படம்' என்று என்னையறியாமல் முனகியிருக்கிறேன். காவலுக்கு நின்ற பெண் கொன்ஸ்டபிள், நான் என் வீட்டு ஆள் யாரோ ஒருவரின் படத்தைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, தன்னுடைய மீன் பணிஸில் பாதியைப் பிய்த்துத் தந்தார்.

மறுநாள் பின்னேரம்தான் அன்ரி துண்டைத் தேடியெடுத்துக்கொண்டு வந்தார். அரிசி வாளிக்குள் இருந்ததாம். வீட்டுக்கு ஓடிவந்து கொம்பியூட்டரைப் போட்டால், அந்த அம்மாவின் செய்திகள் வரிசையாக நின்றன. 'ஹலோ' என்று தொடங்கி, 'இருக்கிறீர்களா?' என்று கேட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும். அதற்குப் பிறகு விமர்சனம். இரண்டு நட்சத்திரம். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: 'வேலை நல்லது. ஆனால் ஆள் நடுவில் காணாமல் போய்விட்டார். அவசர வேலைக்கு இவரை நம்பாதீர்கள்.'

காணாமல் போய்விட்டார். அந்தச் சொல்லை அப்போது எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா பாவிப்பதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை என்பதால் கோபம் இன்னும் கூடியது.

விமர்சனத்துக்குக் கீழே விற்பவர் ஒரேயொரு பதில் எழுதலாம். ஒரு தரம் அனுப்பினால் பிறகு மாற்ற முடியாது. நான் அன்று சாப்பிடாமல் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்தேன். பொலிஸ் கொண்டுபோனது என்று எழுதலாமா? எழுதினால் என்ன குற்றம் செய்தாள் என்றுதான் கேட்பார்கள். யுத்தம் என்று எழுதலாமா? நாளைக்குக் குண்டு விழுந்தால் என் சப்பாத்துப் படம் என்னவாகும் என்று ஓடிவிடுவார்கள். சுகமில்லை என்றால் நோயாளி என்பார்கள். நிறைய நட்சத்திரம் வைத்திருந்த பெரிய விற்பனையாளர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தேன். அவர்களுடைய பதில்களில் எல்லாரும் பயணம் போயிருந்தார்கள். அது கேட்கவும் கௌரவமாக இருந்தது. 'மன்னிக்கவும், அவசரமாக வெளியூர் போகவேண்டி வந்தது. அங்கே தொடர்புகொள்ள வசதி இருக்கவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன்.

"வெளியூரோ?" என்றார். "கடைக்குப் பாண் வாங்கப் போறதெண்டாலும் என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போற பிள்ளை, நல்லாத்தான் வெளியூர் போனனீ!"

அந்த இரண்டு நட்சத்திரத்தோடு வேலை விழுந்துபோனது. வந்த ஒன்றிரண்டு பேரும் 'இந்த முறை பயணம் ஏதும் இல்லையே?' என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார்கள். நான் கதிரையை விட்டு எழும்பப் பயந்தேன். குளிக்கும்போது கதவுக்கு வெளியே யாரோ கேள்விக்குறி போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றும். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இப்படியிருக்க, ஸ்டேசனிலிருந்து ஒரு கொன்ஸ்டபிள் வந்தார். வடக்கு விலாசம் உள்ளவர்கள் கொழும்பில் இருப்பதற்குக் காரணம் காட்டவேண்டுமாம். வேலையென்றால் வேலைக்கு ஆதாரம், படிப்பென்றால் படிப்புக்கு ஆதாரம். இல்லாவிட்டால் ஊருக்குப் போகவேண்டியதுதான். அடுத்த ஒழுங்கை லொட்ஜில் இருந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்று கதை ஏற்கெனவே வந்திருந்தது. ஊரில் எங்கள் வீட்டில் கரண்ட் எப்போதாவதுதான் வரும், இன்ரநெற் என்ற பேச்சே இல்லை. என்னை அனுப்பினால் என் தொழில் அன்றோடு முடிந்தது.

"கந்தோர்க் கடிதம் ஒண்டு வேணும் பிள்ளை," என்றார் அன்ரி. "கொட்டாஞ்சேனையில என்ர மச்சான் கடை வச்சிருக்கிறார். அங்க வேலை செய்யிற பிள்ளை எண்டு எழுதித் தருவார். போய்க் கேள்."

பஸ்ஸில் போனேன். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, போய்ச் சேரவே மத்தியானமாகிவிட்டது. மனிதர் நல்லவர். பிளேன்ரீ தந்தார், என் குடும்பத்தை விசாரித்தார், பிறகு வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"கோவிக்காதையுங்கோ தங்கச்சி. பேந்து அவங்கள் இஞ்ச வந்து, எங்க அந்தப் பிள்ளை எண்டு கேட்டா நான் ஆரைக் காட்டுறது?"

அவரைக் குறைசொல்ல முடியாது. திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் எனக்குச் சுரீரென்று ரோசம் வந்தது. வேலை செய்யாதவள்போல எதற்கு ஒரு பொய்க் கடிதத்துக்கு அலைகிறேன்? இத்தனை பேர் என் வேலையைப் பற்றி எழுதியிருக்கிறார்களே! காலி வீதியில் போனும் இன்ரநெற்றும் வைத்திருந்த ஒரு கொமியூனிக்கேஷன் கடையடியில் இறங்கி, என் விமர்சனங்கள் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்ரி தாள்களைப் புரட்டிப் பார்த்து, முதல் பக்கத்தில் விரலை வைத்தார். இரண்டு நட்சத்திரமும் என் பதிலும் அங்கேதான் இருந்தன.

"இந்தப் பக்கத்தை எடுத்துப்போடு."

"எடுக்கேலாது அன்ரி. என்ர பேரும் படமும் இந்தப் பக்கத்திலதான் இருக்கு."

அதிலிருந்த மற்ற ஆபத்து எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒரு கூடாத விமர்சனத்தைப் பார்த்து என்னைக் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்பதுதான் எங்கள் கவலையெல்லாம்.

ஸ்டேசனில் அதே வாங்கு. இந்த முறை கொஞ்ச நேரம்தான். பெரிய மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தாள்களை வாங்கி, பின்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார். 'எக்ஸலன்ட்' என்று ஒன்றைச் சத்தமாக வாசித்தார். இன்னொன்றையும் வாசித்தார். தலையை ஆட்டி, "ஹொந்தாய், ஹொந்தாய்" என்றார். நல்லது, நல்லது. தன் மகளும் கொம்பியூட்டர் படிக்கிறாளாம். எனக்கு மூச்சு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், வாடிக்கையாளருக்கு எழுதிப் பழகிய பேச்சு அப்படியே நாக்கில் வந்து, 'சந்தோஷம் சேர்' என்றுகூடச் சொன்னேன்.

முதல் பக்கத்துக்கு வந்தார். வாசித்தார். கீழே என் பதிலையும் வாசித்தார். பேனையை வைத்துவிட்டார்.

"கொஹெத கியே?" எங்கே போனாய்?

எனக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. அவர் தாளைத் திருப்பி அந்த வரியைக் காட்டினார். வெளியூர். தொடர்புகொள்ள வசதி இல்லாத இடம். அந்த நாட்களில் யாழ்ப்பாண அடையாள அட்டை வைத்திருந்த ஒருத்தி, பொலிஸுக்கும் சொல்லாமல், போன் இல்லாத எந்த ஊருக்குப் போய் வந்திருப்பாள்? அவர் மனதில் ஓடியது எனக்கும் ஓடியது. ஒரு தோட்டு வியாபாரியைச் சமாளிக்க எழுதிய பொய், என்னைக் கொண்டுபோய் இயக்கத்தின் கையிலிருந்த வன்னியில் நிறுத்திவிட்டிருந்தது.

"நான் எங்கேயும் போகவில்லை சேர்," என்றேன் எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

"பொய்யா எழுதினாய்?"

ஓம் என்றால் அத்தனை தாளும் பொய்யாகிவிடும். இல்லை என்றால் ஊர்ப் பெயர் சொல்லவேண்டும். வேறு வழியில்லாமல் கையை நீட்டினேன்.

"அந்த வாங்கில இருந்தனான் சேர். நீங்கள்தான் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்."

பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனால் வாசலில் நின்ற பெண் கொன்ஸ்டபிள் என்னையும் வாங்கையும் பார்த்தார். மீன் பணிஸ் தந்தவர்.

"எதா மே நோனா மெஹே ஹிட்டியா நே சேர்," என்றார். அன்றைக்கு இந்தப் பெண் இங்கேதானே இருந்தார்.

அதிகாரி திரும்பவும் தாளைப் பார்த்தார். திகதியைப் பார்த்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் வருமோ என்று எனக்கு ஒரு மடத்தனமான எதிர்பார்ப்பு எழுந்தது.

"பொலிஸில் இருந்ததென்று ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார்.

"எழுதினால் வேலை தரமாட்டார்கள் சேர்."

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல காரியம். எழுதியிருந்தால் வெளிநாட்டுக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அப்படியே இருக்கட்டும்." கையொப்பமிட்டு, சீல் குத்தி, துண்டைத் தந்தார். கொழும்பில் இருக்கலாம் என்றார்.

அன்ரி வீட்டுக் கேற்றடியில் நின்றார். முகத்தைப் பார்த்ததும் என்ன நடந்ததோ என்று பதறிவிட்டார்.

"என்ன சொன்னவங்கள் பிள்ளை?"

"நல்லா எழுதியிருக்கிறாய் எண்டு சொன்னவர்," என்றேன். அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அன்ரி முதுகைத் தடவினார். சந்தோஷமும் இல்லாமலில்லை. ஆனால் என் பெயரைக் கெடுத்துக்கொண்டு அவர்களுடைய பெயரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்ற எரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவர்களுக்கு நான் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தேன்.

உள்ளே வந்து கொம்பியூட்டரைப் போட்டேன். புது வாடிக்கையாளர் ஒருவர் காத்திருந்தார். பிள்ளைகளின் சப்பாத்து, நிறையப் படங்கள். உங்கள் பக்கத்தை வாசித்தேன், நீங்கள் அடிக்கடி வெளியூர் போவீர்களா என்று கேட்டிருந்தார்.

இல்லை, நான் எங்கேயும் போவதில்லை என்று பதில் எழுதினேன்.