சம்பந்தியம்மா பறித்த பூ

என் தங்கையின் கல்யாணம் ரெஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. நாங்கள் ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் திருச்செந்தூர்ப் பக்கத்து இந்துக்கள். தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். எங்கள் அப்பாவும் இல்லை, மாப்பிள்ளையின் அப்பாவும் இல்லை. மிச்சமிருந்த இரண்டு அம்மாக்களும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. பார்த்தால் "நல்லா இருக்கீங்களா?" அதோடு சரி.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும், தங்கை எல்லோரையும் கடை வேனில் ஏற்றிவிட்டாள். மாதவரம் தாண்டி ஒரு பழைய துறவியர் மடம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், சுற்றிலும் பெரிய தோட்டம். உள்ளே இருந்த சிற்றாலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அம்மா என் காதைக் கடித்தாள்.

"பேஜாரு பண்றாடி உன் தங்கச்சி. அந்தம்மா கைல இன்னா பேசறதுன்னே தெர்ல."

தோட்டத்தில் நந்தியாவட்டை வேலி போலப் பூத்துக் கிடந்தது. அம்மா கால் வலியென்று கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நானும் தங்கையும் மாப்பிள்ளையும் மகிழ மரத்தடியில் சாப்பாட்டுப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால், சம்பந்தியம்மா பூப் பறித்துக்கொண்டிருக்கிறார்! 'பூக்களைப் பறிக்காதீர்' என்ற பலகை அவர் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தினமும் சாமிக்குத் தெருமுனையில் பூ வாங்குகிறவர். இத்தனையையும் செடியிலேயே பார்த்ததும் கை தானாகப் போயிருக்கும். பறித்ததை பெஞ்சில், அம்மா பக்கத்தில் குவித்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

அப்போதுதான் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு மடத்துப் பிரதர் ஒருவர் வந்தார்.

"யாரும்மா பூவைப் பறிச்சது?"

சம்பந்தியம்மாவின் முகம் வெளிறிவிட்டது. மாப்பிள்ளை எழுந்து ஓடினார், பின்னாலேயே நாங்களும். அதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"நான்தான் பிரதர். பாத்துகினே இருந்தேனா, கை சும்மா இல்ல."

"இல்ல சாமி," சம்பந்தியம்மா படக்கென்று எழுந்தார். "இவிய எனக்காவப் பொய் சொல்லுதாவ. பறிச்சது நான்தான்."

"நீ கம்முனு குந்து."

அம்மா அவரை 'நீ' என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். நானும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிரதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, சரி. இனிமே பறிக்காதீங்க. பறிச்சதை மாதா கெபியில வெச்சிருங்க."

இருவரும் பூவைப் பங்கிட்டுக்கொண்டு நடந்தார்கள். குகை போலக் கட்டி மாதா சிலை வைத்திருந்த கெபியின் முன்னால் அம்மா முழங்காலிடத் தடுமாறினாள். சம்பந்தியம்மா கையைப் பிடித்து மெல்ல இறக்கினார்.

"எப்பிடிக் கும்புடணும், எனக்குத் தெரியாதே."

"உனுக்கு எப்டி வருதோ அப்டி கும்புடு. அவளுக்குப் புரியும்."

சம்பந்தியம்மா தலைக்கு மேல் கைகூப்பிக் கும்பிட்டார். பிறகு இருவரும் அங்கேயே, நிழலில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஒருமுறை சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இன்னொருமுறை அம்மா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

"சாப்பிடக் கூப்பிடட்டுமா?" என்றார் மாப்பிள்ளை.

தங்கை அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "விடுங்க. பேசட்டும்."

நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர்கள் வரவில்லை.